கழுவிவிட்டு இறுக்குவதா, இறுக்கிவிட்டுக் கழுவுவதா?

வேட்டைக் கதைகள் படிக்கிறவர்களுக்கு ஜவளகிரி என்ற பெயர் புதிதாக இருக்காது. ஓசூரிலிருந்து தளிப் பக்கம் போனால், கர்நாடக எல்லையை ஒட்டிக் காட்டோரத்தில் இருக்கிற சின்ன ஊர். அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன். 1954-இல் வந்த அவருடைய முதல் புத்தகம் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியில்தான் தொடங்குகிறது. அடுத்த கதை பக்கத்தில் இருக்கிற கும்ளாபுரத்துச் சிறுத்தை. ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் ஊர் இங்கிலீஷ் புத்தகத்தில் இருப்பதே காலேஜுக்குப் போன பிறகுதான் தெரிகிறது என்பது வேறு விஷயம்.

ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். 1895 மாடல் ரைஃபிள், 1904-இல் அதற்கென்றே வந்த தோட்டா. ஒரு முறை சுட்டதும் கீழே இருக்கிற லீவரை இழுத்துவிட்டால் காலியான பித்தளைக் கூடு வெளியே தெறித்து விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். கதையில் எல்லோருடைய கண்ணும் புலி மேல்தான் இருக்கும். விழுந்த கூடு எங்கே போனது என்று ஒரு எழுத்தாளரும் எழுதுவதில்லை, ஒரு வாசகரும் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரை கீழே விழுந்த அந்தக் கூட்டைப் பற்றியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் சுட்டு முடித்த கூட்டைப் பொறுக்கி எடுத்து, மறுபடி நிரப்பிச் சுடுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. அதற்கென்றே கருவிக் கம்பெனிகள் இருக்கின்றன. லைமன் 1878-இலிருந்து, ஆர்.சி.பி.எஸ். 1943-இலிருந்து. அந்த உலகத்தில் ஒரு தீராத பட்டிமன்றம் உண்டு. கூட்டை முதலில் சுத்தம் செய்வதா, முதலில் பழைய அளவுக்கு இறுக்குவதா? கேட்டால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். உள்ளே போனால் உலோகவியல், சமையலறை, சட்டம், போலீஸ் லேப் எல்லாம் வரிசையாக வருகிறது. (மருந்து, குண்டு, நிரப்புவது எதுவும் இங்கே வராது. காலிக் கூடு மட்டும்தான். ஏன் என்பது பின்னால்.)

முதலில், கூட்டை எதற்கு இறுக்க வேண்டும்?

தோட்டா வெடிக்கும்போது ரைஃபிளின் சேம்பருக்குள் உண்டாகிற அழுத்தம் சாமானியமானதல்ல. கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30, 35 பவுண்டு காற்று அடிக்கிறோம். இன்றைய ரைஃபிள் தோட்டாவில் அது 60,000 பவுண்டு வரை போகும். அந்த நொடியில் பித்தளைக் கூடு பலூன் மாதிரி உப்பி, சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பின்பக்கம் புகை வராமல் அடைத்துவிடுகிறது. பித்தளையின் பெரிய உபகாரமே இதுதான். சுடுகிறவன் முகத்தில் நெருப்பு அடிக்காமல் காப்பாற்றுவது அந்த மெல்லிய சுவர். அழுத்தம் இறங்கியதும் கூடு கொஞ்சம் சுருங்கி, சேம்பரிலிருந்து விடுபடும். ஆனால் முழுசாகப் பழைய அளவுக்குத் திரும்பாது. ரப்பராக இருந்தால் திரும்பும், ஈயமாக இருந்தால் ஒட்டியபடியே நிற்கும். பித்தளை இரண்டுக்கும் நடுவில். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் என்கிற கலவையைத் தோட்டாவுக்கென்றே தேர்ந்தெடுத்தது இந்தக் குணத்துக்காகத்தான்.

ஆக, சுட்டு முடித்த கூடு கொஞ்சம் குண்டாகிவிட்டிருக்கும். வாயும் அகன்றிருக்கும், குண்டை இறுகப் பிடிக்காது. அதை ஒரு எஃகு டைக்குள் அழுத்தி நெரித்து மறுபடி ஒல்லியாக்க வேண்டும். இதுதான் ரீசைஸ். பெரும்பாலான டைகளில் நடுவே ஒரு ஊசி இருக்கும். கூடு மேலே ஏறும்போதே அந்த ஊசி அடிப்பக்கத்தில் இருக்கிற எரிந்துபோன பிரைமரைத் தட்டி வெளியே தள்ளிவிடும். ஒரே இழுப்பில் இரண்டு வேலை.

என்.சி.சி.யில் இருந்தவர்கள் இங்கே ஒரு சந்தேகம் கேட்கலாம். கேம்ப்பில் .22 ரைஃபிளில் சுட்டுவிட்டுக் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்கச் சொல்வார்களே, அதையும் இப்படி நிரப்பலாமா? முடியாது. .22-இல் பிரைமர் என்று தனியாக ஒன்று கிடையாது. பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கும். ஊசி அடித்த இடத்தில் விளிம்பு நசுங்கிவிடும், அவ்வளவுதான் அதன் ஆயுள். அங்கே எண்ணி வாங்குவது கணக்குக்காக. இந்தப் பட்டிமன்றத்துக்குள் வருவது நடுவில் தனிப் பிரைமர் உள்ள கூடுகள் மட்டும். நம்ம ஊர் 12 போர் தோட்டாவும் பெரும்பாலும் இதில் சேராது. அதன் உடம்பு பிளாஸ்டிக்கோ அட்டையோ, அடியில் மட்டும்தான் உலோகக் கிண்ணம்.

சரி, வரிசைக்கு வந்தால், ஓசூர் சிப்காட்டில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிற யாரிடம் கேட்டாலும் பதில் ஒரு நொடியில் வரும். டைக்குள் போகிற எதுவும் சுத்தமாகப் போக வேண்டும். தகட்டின் மேல் ஒரு மணல் துகள் இருந்தால், அது அந்தப் பீஸை மட்டும் கீறாது, டையையே கீறிவிடும். டையில் விழுந்த கீறல் அடுத்து வருகிற ஆயிரம் பீஸிலும் கோடாக விழும். பீஸ் போனால் ஸ்கிராப். டை போனால் ஷிஃப்டே போச்சு.

ரேஞ்சில் மண்ணிலும் சிமெண்டிலும் உருண்ட கூடு என்ன நிலைமையில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் போதும். வெளியே மணல், உள்ளே கரி. அதை அப்படியே டைக்குள் தள்ளினால் மேலே சொன்ன கதைதான். ஆகவே சுத்தம் முதலில். இதில் வாதத்துக்கு இடமில்லை.

தோட்டா செய்கிற ஃபேக்டரியிலேயே இதுதான் வரிசை. பித்தளைத் தகட்டிலிருந்து ஒரு கிண்ணம் வெட்டுவார்கள். அதைப் பல கட்டமாக டைக்குள் இழுத்து இழுத்து நீளக் குழாய் ஆக்குவார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் சூடு காட்டி இளக்கி, அமிலத்தில் முக்கிக் கருப்பை எடுத்து, தண்ணீரில் கழுவி, பிறகுதான் அடுத்த டை. புனே பக்கம் 1869-இலிருந்து இருக்கிற கிர்க்கி தோட்டாத் தொழிற்சாலையானாலும் சரி, வேறு எந்த நாட்டுத் தொழிற்சாலையானாலும் சரி, அடிப்படை இதுதான். ரீலோடிங் செய்கிறவர் தன் கேரேஜில் செய்வது அந்த நீண்ட வரிசையின் கடைசிக் கண்ணியைத் திரும்பத் திரும்பச் செய்வது.

பிறகு எதற்குப் பட்டிமன்றம்? காரணம் பிரைமர்.

கூட்டைச் சுத்தம் செய்யப் பெரும்பாலும் பயன்படுவது டம்ளர். காப்பி டம்ளர் அல்ல :) ஒரு பெரிய கிண்ணத்தில் அரைத்த வால்நட் ஓட்டையோ, மக்காச்சோளக் கதிர்ச் சக்கையையோ போட்டு, அதற்குள் கூடுகளைக் கொட்டி, இரண்டு மூன்று மணி நேரம் அதிரவிடும் மெஷின். தூள் உரசி உரசி அழுக்கை எடுத்துவிடும். எரிந்த பிரைமரை உள்ளேயே விட்டுவிட்டு டம்ளரில் போட்டால், அது இருந்த குழி சுத்தமாகாது, கரி அப்படியே இருக்கும். பிரைமரைத் தட்டிவிட்டுப் போட்டால், குழி ஓரளவு சுத்தமாகும், ஆனால் அதன் நடுவில் இருக்கிற சின்னத் துளையில் சக்கைத் தூள் போய் அடைத்துக்கொள்ளும். நூறு கூட்டையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் குத்தி எடுக்க வேண்டும். துளை அடைந்த கூட்டில் பிரைமரின் நெருப்பு மேலே போகாது.

பிரைமரைத் தட்ட வேண்டுமானால் டைக்குள் போக வேண்டும். டைக்குள் போக வேண்டுமானால் சுத்தமாக இருக்க வேண்டும். முழுசாகச் சுத்தமாக வேண்டுமானால் பிரைமர் போயிருக்க வேண்டும். வட்டம்!

இந்த வட்டத்தை உடைக்க வந்ததுதான் பிரைமரை மட்டும் தட்டுகிற தனி டை. அது கூட்டின் சுவரைத் தொடாது. உள்ளே ஊசி மட்டும் போய்வரும். ஆக அழுக்குக் கூட்டை அதில் விடலாம், எதுவும் கீறாது. இப்படிப் பிரைமரை எடுத்த கூடுகளைத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, ஊசி ஊசியான ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கம்பித் துண்டுகள் போட்ட டிரம்மில் உருட்டினால் குழி வரை புதுசு மாதிரி ஆகிவிடும். ஆனால் தண்ணீர் வந்ததும் அடுத்த கவலை வருகிறது, காயவைப்பது. உள்ளே ஒரு சொட்டு நின்றாலும் பின்னால் தொல்லை. பிரைமரை உள்ளே வைத்துக்கொண்டே தண்ணீரில் போட்டால் இன்னும் மோசம். குழிக்குள் புகுந்த ஈரம் லேசில் வெளியே வராது.

அடுத்தது எண்ணெய்ப் பசை. தோளும் கழுத்துமாகக் குறுகுகிற ரைஃபிள் கூட்டை வறட்டுத்தனமாக டைக்குள் அழுத்தினால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இழுத்தால் கூட்டின் அடி விளிம்பு பிய்ந்து கையோடு வரும், உடம்பு டைக்குள் நிற்கும். அதனால் மெல்லிய பசை தடவித்தான் அழுத்த வேண்டும். நேர்க்குழாய் வடிவப் பிஸ்டல் கூடுகளுக்கு டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த டை உண்டு, அதற்குப் பசை வேண்டாம். பசை தடவினால் பிறகு அதை எடுத்தாக வேண்டும். பசையோடு சுட்டால் கூடு சேம்பர் சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, முழு உதையும் பின்னால் இருக்கிற போல்ட் மேல் விழும். உள்ளே பசை இருந்தால் மருந்தும் கெடும். ஆகவே இறுக்கிய பிறகு இன்னொரு சுத்தம்.

கேள்வியே தப்பாகக் கேட்கப்படுகிறது என்பது இங்கேதான் தெரிகிறது. முன்னால் செய்கிற சுத்தம் டைக்காக, பின்னால் செய்கிற சுத்தம் சேம்பருக்காக. இரண்டும் இரண்டு வேலை, பெயர் மட்டும்தான் ஒன்று. முன்னதற்கு மணல் போனால் போதும், ஒரு ஈரத்துணி கூடப் போதும். பின்னதற்குப் பசை போக வேண்டும். இந்த இரண்டிலும் "பளபளப்பு" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்கலாம். தங்கம் மாதிரி மின்னுவது கண்ணுக்கு அழகு, கீழே விழுந்தால் புல்லில் தேடி எடுக்க வசதி, விரிசல் இருந்தால் சட்டென்று தெரியும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் கழுத்தின் உட்புறத்தை ரொம்பத் தேய்த்துக் கழுவிவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசிப் பிடிக்கும், கொஞ்சம் கரி இருப்பதே நல்லது என்கிற கட்சியும் உண்டு.

நீளம் அளப்பது எப்போது என்பதிலும் வரிசை முக்கியம். டை அழுத்தும்போது பித்தளை எங்கேயும் மறைந்துவிடாது. பக்கவாட்டில் நெரித்தால் மேலே வளரும், சப்பாத்தி மாவை உருட்டினால் நீள்கிற மாதிரி. இறுக்குவதற்கு முன்னால் அளந்து வெட்டினால், இறுக்கிய பிறகு மறுபடி நீண்டு நிற்கும். எனவே வெட்டுவது கடைசியில்தான்.

இப்போது சமையலறை. நம்ம வீடுகளில் பித்தளைக் குடமும் குத்துவிளக்கும் தேய்க்கிற முறையில் இதே வரிசை அறிவு இருக்கிறது. முதலில் புளி, பிறகு சாம்பல் அல்லது சபீனா, பிறகு தண்ணீர், உடனே துணியால் துடைத்து வெயிலில் வைப்பது. புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் கருப்பைக் கரைக்கிறது, சாம்பல் அதைத் தேய்த்து எடுக்கிறது. மாற்றிச் செய்தால் இரண்டுமே பாதி வேலைதான் செய்யும். கூடுகளை ஊறவைக்க அமெரிக்காவில் சிட்ரிக் அமிலம் வாங்குகிறார்கள். எலுமிச்சையில் இருப்பது, புளிக்குச் சொந்தக்காரன் மாதிரிதான். புளியை அப்பிவிட்டு மறந்துபோய் மறுநாள் பார்த்தால் விளக்கில் அங்கங்கே செம்பு நிறத் திட்டு தெரியும். அமிலம் துத்தநாகத்தை அரித்து வெளியே எடுத்துவிட்டது, செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். விளக்குக்கு அது அழகுக் குறைவு. 60,000 பவுண்டு தாங்க வேண்டிய சுவருக்கு அது பலக் குறைவு.

புளியை விட ஆபத்தானது அம்மோனியா. பித்தளைப் பாலிஷ்கள் சிலவற்றில், பழைய பிராஸோ உட்பட, அம்மோனியா உண்டு. மூக்கில் சுள்ளென்று ஏறுமே, அதுதான். தோட்டாக் கூட்டுக்கு அதைக் காட்டவே கூடாது என்பதற்குப் பின்னால் இருக்கிற கதை நடந்தது இந்தியாவில்தான். வெள்ளைக்காரன் காலத்தில், மழைக்காலத்தில் இங்கே இருந்த பட்டாளத்தின் தோட்டாக் கூடுகள் யாரும் தொடாமலே விரிசல் விட்டன. சுடவில்லை, தட்டவில்லை, பெட்டியில் இருந்தபடியே கழுத்தில் கீறல். பருவத்தில் வருவதால் "பருவ விரிசல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்புகிற அம்மோனியாவும் மழைக்கால ஈரமும் சேர்ந்து பித்தளையைப் பிளந்தன. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள்.

அவர்கள் சொன்னதில் வரிசைக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அம்மோனியா மட்டும் இருந்தால் இந்த விரிசல் வராது. உலோகத்துக்குள் ஏற்கெனவே இறுக்கம் நின்றுபோயிருக்க வேண்டும். டைக்குள் நெரிக்கப்பட்ட பித்தளைக்குள் அந்த நெரிப்பு ஒரு மனவருத்தம் மாதிரி உள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே தெரியாது. அம்மோனியா வந்து தொட்டதும் அந்த இடத்தில் பிளக்கிறது. மருந்து என்னவென்றால், உருவாக்கிய பிறகு மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து அந்த இறுக்கத்தை ஆற்றுவது. ஆகவே இறுக்கிய பிறகு, பசையை எடுக்கிறேன் பேர்வழி என்று அம்மோனியா பாலிஷில் தேய்ப்பது இருக்கிற வரிசைகளிலேயே மோசமான வரிசை. எந்தக் கட்சிக்காரரும் இதை ஆதரிக்க மாட்டார்.

அழுக்கு என்று இவ்வளவு நேரம் சொன்னதில் ஈயமும் இருக்கிறது. வழக்கமான பிரைமர் மருந்தில் ஈயச் சேர்மம் உண்டு, எரிந்த பிறகு கரியோடு கூட்டுக்குள் படிந்திருக்கும். உலர்ந்த சக்கையில் அதிரவிட்டால் அது தூசியாக எழும்பும். மூடியைத் திறந்து சக்கையைச் சலிக்கும்போது மூக்குக்குள் போகும். ஈரமாகக் கழுவுவதன் உண்மையான லாபம் இதுதான், பளபளப்பு அல்ல. கழுவிய தண்ணீரையும் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்பது இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் கேரேஜில் மெஷினுக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளின் சைக்கிள் நிற்கும் போட்டோக்களைப் பெருமையாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வரிசையைப் பற்றி இரண்டு பக்கம் சண்டை போடுகிறவர்கள் கை கழுவுவதைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார்கள்.

பி.காம். பாடத்தில் இந்தக் கூட்டுக்கு நல்ல இடம் உண்டு. மருந்து, பிரைமர், குண்டு மூன்றும் நுகர்பொருள், ஒரே முறையில் தீர்ந்துவிடும். கூடு மட்டும் நிலையான சொத்து. தேய்மானத்தை வருஷக் கணக்கில் போட முடியாது, எத்தனை முறை சுட்டது என்கிற உற்பத்தி அலகுக் கணக்கில்தான் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் உப்பி, நெரிபட்டு, உப்பி, நெரிபட்டு, அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே வரும். ஒரு நாள் வெளியே மங்கலான பளிச் வளையம் ஒன்று தெரியும். அந்தச் சொத்தைப் புத்தகத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பதற்கான நோட்டீஸ் அது. நீக்காவிட்டால் அடுத்த முறை கூடு இரண்டாகப் பிரியும். அந்த வளையத்தைப் பார்க்க வேண்டுமானாலும் முதலில் கழுவியிருக்க வேண்டும். ஆடிட் முதலில், செலவு பிறகு.

இதெல்லாம் இந்தியாவில் எங்கே நிற்கிறது? ஆயுதச் சட்டம் 1959-இன் 5-வது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரை போகலாம். கேரேஜ் பொழுதுபோக்கு என்கிற பேச்சுக்கே இடமில்லை. சட்டம் "தோட்டா" என்றால் என்ன என்று சொல்லும்போது, அதன் பாகங்களையும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்தே சொல்கிறது. அப்படியானால் தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்து ஷோகேஸில் வைத்த காலிக் கூடு?

அதற்கும் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. 45-வது பிரிவின் (ஈ) உட்பிரிவு. தோட்டாவின் சிறு பாகங்களை, மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாமல் வைத்திருப்பவரை இந்தச் சட்டம் தொடாது. ஆங்கில எழுத்து வரிசையில் அது "டி". ஏர்போர்ட்டில் பையில் காலித் தோட்டா கிடைத்து மாட்டிக்கொள்கிறவர்களின் வக்கீல்கள் தேடிப் போகிற இடங்களில் இதுவும் ஒன்று. எண்ணம் என்பது மனசுக்குள் இருப்பது, அதை எப்படிப் பார்ப்பது? இங்கே கழுவுவதா இறுக்குவதா என்ற கேள்வி வேறு ஒரு முகம் காட்டுகிறது. ஷோகேஸ் கூட்டை யாரும் கழுவுவார்கள், தீபாவளிக்கு விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். ஆனால் யாரும் அதை டைக்குள் விட்டு ஒல்லியாக்க மாட்டார்கள். இறுக்கப்பட்ட கூட்டுக்கு ஒரே ஒரு உபயோகம்தான், மறுபடி நிரப்புவது. கழுவுகிற வரை அது ஞாபகப்பொருள். டையிலிருந்து இறங்கிய பிறகு அதே கதையைச் சொல்வது கஷ்டம். இது எந்தக் கோர்ட்டின் தீர்ப்பும் அல்ல, சட்டத்தின் வாசகத்தைப் படித்தால் தோன்றுகிற வாதம். எல்.எல்.பி. படிக்கிற நண்பர்கள் மறுத்து எழுதலாம்.

போலீஸ் லேப்பில் வரிசை தலைகீழ். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த கூட்டை யாரும் கழுவக் கூடாது. சென்னையில் இருக்கிற தடய அறிவியல் துறை ஆனாலும், வேறு எந்த மாநிலத்து லேப் ஆனாலும், அவர்களுக்கு வேண்டியது அந்த அழுக்கும் கீறலும்தான். துப்பாக்கியின் ஊசி பிரைமர் மேல் பதித்த குழி, கூட்டை வெளியே இழுத்த கொக்கி விளிம்பில் விட்ட தடம், சேம்பர் சுவரின் கோடுகள். இவற்றை மைக்ரோஸ்கோப்பில் ஒப்பிட்டுத்தான் இந்தக் கூடு இந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். ரீலோடிங் வரிசையை இந்தக் கண்ணோடு மறுபடி ஒருமுறை பார்த்தால், ஒவ்வொரு படியும் ஒரு சாட்சியைக் கலைக்கிறது. டம்ளர் கரியை எடுக்கிறது. ஊசி பிரைமரைத் தட்டிவிடுகிறது. டை சேம்பர் கோடுகளின் மேல் தன் கோடுகளைப் போடுகிறது. கலையாமல் மிஞ்சுவதில் அடியில் பொறித்த எழுத்தும் ஒன்று. கே.எஃப். என்றிருந்தால் கிர்க்கி, ஓ.எஃப்.வி. என்றிருந்தால் வரங்கான். அது எங்கே செய்யப்பட்டது என்று சொல்லும், யார் சுட்டது என்று சொல்லாது.

ஜவளகிரிக் காட்டில் பிரச்சினை இதைவிடப் பழையது. காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நீள்கிற காடு. பன்னேர்கட்டாவிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாகத்தான் இந்தப் பக்கம் இறங்குகின்றன. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படையுங்கள் என்று காட்டோரக் கிராமங்களில் அதிகாரிகள் கேட்பதும், ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவதும் இங்கே பேப்பரில் வருகிற செய்தி. அந்தத் துப்பாக்கிகளுக்குக் கூடு கிடையாது. மருந்தையும் ரவையையும் குழல் வாய் வழியாகவே போட்டுக் கம்பியால் இடிக்கிறார்கள். ஆக, கழுவ ஒன்றுமில்லை, இறுக்க ஒன்றுமில்லை, சுட்ட இடத்தில் கீழே விழவும் ஒன்றுமில்லை. செத்துக் கிடக்கிற மானைச் சுற்றி வனக்காவலர் எவ்வளவு நேரம் குனிந்து தேடினாலும் பித்தளை கிடைக்காது. உடம்புக்குள் இருக்கிற ரவையைத்தான் கால்நடை டாக்டர் எடுத்துக் கொடுக்க வேண்டும். ரவைக்கு ஊசிக்குழியும் கிடையாது, அடியில் எழுத்தும் கிடையாது.